கண்ணை மூடினால் வருபவர்

“கண்ணை மூடிக்கோ. ஒரு சிங்களப் பெண்ணை மனசுல நினைச்சுக்கோ. அவங்க என்ன செய்றாங்க, சொல்லு பார்ப்போம்?”

ஜொய்சி மிஸ் கேட்டதும் சர்மிளா கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“திட்டுறாங்க மிஸ்.”

ஐந்தாம் வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஜொய்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற இனத்தவரைப் புரிந்துகொண்டு பழகச் சொல்லிக்கொடுப்பதற்காகவே அவள் நுவரெலியாவிலிருந்து லிந்துலையில் உள்ள இந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்திருந்தாள். அடுத்த வாரம் இவர்களில் சிலரை வலப்பனைக்குக் கூட்டிப்போய், சிங்களக் குடும்பங்களோடு தங்கவைக்கவும் ஏற்பாடு. முதல் பிள்ளையே இப்படிச் சொன்னால்?

“எதுக்கும்மா திட்டுறாங்க?”

“அவங்களுக்குக் காரணமெல்லாம் தேவையில்ல மிஸ்.”

“என்ன பாஷையில?”

“சிங்களத்துலதான். ரொம்ப வேகமா.”

“கையில ஏதும் வச்சிருக்காங்களா?”

“அகப்பை.”

பின்வரிசையில் கிஷாந்த் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான்.

வகுப்பாசிரியர் ஜூட்சன் எழுந்தார். “மிஸ், இந்தப் பிள்ளை வந்து…”

“கொஞ்சம் இருங்க சேர். பிள்ளையே சொல்லட்டும். பெரியவங்க நாம குறுக்க பேசிப் பேசித்தான் இதுங்க மனசுல இருக்கிறது வெளியவே வர்றதில்ல.”

ஜூட்சன் உட்கார்ந்துவிட்டார். மீசைக்குள் வந்த சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, அவங்க சமைச்சுக் குடுத்தா சாப்பிடுவியா?”

“வேற வழி? சாப்பிட்டுத்தானே மிஸ் ஆகணும். உறைப்புத்தான் கூட.”

“அவங்க உன் வீட்டுக்குள்ள வந்தா?”

“லயத்து வீடுகளுக்குப் பின்னால ஓடி ஒளிஞ்சுக்குவேன்.”

மறுபடியும் சிரிப்பு. ஜொய்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வயதில் இத்தனை பயமா? அவள் சர்மிளாவின் அருகே வந்து தலையைத் தடவினாள்.

“இந்தத் தடவை நீ வலப்பனைக்கு வர வேணாம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்.”

சர்மிளா கண்ணைத் திறந்தாள்.

“நான் போகணும் மிஸ். புதுச் சப்பாத்துகூட வாங்கியாச்சு. நீங்க கேட்டீங்கன்னு உண்மையத்தானே சொன்னேன்!”

“அதுதாம்மா எனக்குக் கவலையே.”

பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சர்மிளாவின் அம்மாவுக்கு ஆள் போனது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், மூச்சிரைக்க ஓடிவந்தாள். நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்திருந்தது.

“என்னங்க மிஸ்? என்ன செஞ்சுபுட்டா?”

ஜொய்சி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“பிள்ளை மேல தப்பே இல்லைங்க. பயப்படாதீங்க. ஆனா யாரோ ஒரு சிங்களப் பெண் இவளை ரொம்ப மிரட்டி வச்சிருக்காங்க. அகப்பையோட வந்து திட்டுறாங்களாம், இவ ஓடி ஒளியுறாளாம். அப்படியே விட்டா அந்த இனத்து மேலயே இவளுக்கு வெறுப்பு வந்துரும். அது யாருன்னு பார்த்து, கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கமே அண்டவிடாதீங்க.”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் கூரைத் தகரத்தைப் பார்த்தாள். ஜூட்சன் சேர் மெதுவாக வகுப்பைவிட்டு வெளியே நழுவினார்.

“அவங்க வீட்டுப் பக்கம் அண்டலைன்னா இவளுக்கு யாருங்க தலை வாரி, சோறு கட்டிக் குடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது?” என்றாள் அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல். “நான்தாங்க மிஸ் அந்தச் சிங்களப் பொம்பள!”