மூன்றாவது சுற்று

“நாற்காலி சூடா இருக்குடி.”

“சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியுது. உடனே அதுக்கும் ஒரு பேயைக் கூப்பிடாத,” என்றாள் நியெவெஸ்.

ஒப்துலியா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டு தோழியைப் பார்த்தாள்.

இரவுப் பேருந்தில் வருவதாகத்தான் பேச்சு. மோத்ரில் வீட்டில் தனியாக உட்கார முடியாமல் மதியப் பேருந்திலேயே ஏறி கிரனாடா வந்துவிட்டாள். நியெவெஸ் வீடு பூட்டியிருந்தது. தெருமுனை பாருக்குப் போய்ப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி கை காட்டினாள். ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த நியெவெஸ் இவளைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். தானும் இப்போதுதான் வந்து உட்கார்ந்ததாகவும் இன்னும் எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

பாரில் கால் வைக்க இடமில்லை. தோளில் துண்டோடு வந்த பரிமாறுபவன் நிக்காசியோ மேஜையில் இருந்த இரண்டு தலைகளை மட்டும் பார்த்தான். ஆளுக்கு ஒரு பீர்தானே என்றான். சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்: “ஜன்னல் மேஜை, ரெண்டு, மூணாவது!”

பின்பக்கம் கழிவறைக் கதவை ஒரு கிழவர் தட்டிக்கொண்டிருந்தார். “உள்ள குடித்தனமே வெச்சுட்டியாப்பா?” என்று அவர் கேட்டதும் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நியெவெஸ் சிரிக்கவில்லை.

ஒப்துலியாவின் கணவன் பௌலினோவின் படகு ஆளில்லாமல் மிதந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவே இல்லை. அவன் இறந்துவிட்டான் என்று நாளைக் காலை நீதிமன்றத்தில் ஒப்துலியா கையெழுத்துப் போட வேண்டும். வக்கீலைப் பிடித்ததும் நாள் குறித்ததும் எல்லாம் நியெவெஸ்தான்.

“நான் கையெழுத்துப் போட்டா நானே அவரைக் கொன்ன மாதிரி இருக்கும்டி.”

நியெவெஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். போனவரைப் போக விட வேண்டும், நீ கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கும் நிம்மதி என்று மெதுவாகச் சொன்னாள்.

படிக்கட்டில் அவன் இருமல் கேட்பதையும் விடியற்காலையில் கட்டிலின் அந்தப் பக்கம் அமுங்குவதையும் ஒப்துலியா சொன்னாள். சாப்பிடும்போது ரொட்டியின் உட்பகுதியைப் பிசைந்து குட்டிப் படகு செய்வானே, கடைசியாகச் செய்ததை அவள் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாள். அது கல் மாதிரி இறுகிவிட்டது. இந்த பாருக்குள் நுழைந்ததிலிருந்து அவன் எங்கோ மிக அருகில் நிற்பது போலவே இருக்கிறது.

“பைத்தியமாயிடுவேன் போல.”

“ஆக மாட்ட. நாளைக்கு மதியத்தோட எல்லாம் முடிஞ்சிடும்.”

பீர் வந்தது. கூடவே தட்டுகளும் வந்தன. தக்காளிச் சாற்றில் வெந்த நத்தை.

பக்கத்து மேஜையில் ஒரு ஜோடி அப்போதுதான் கோட்டைக் கழற்றி உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு நிக்காசியோ வைத்தது பொரித்த நெத்திலி. முதல் கோப்பையோடு எல்லா மேஜைக்கும் இலவசமாக வரும் தட்டு அதுதான். அடுத்த கோப்பைக்கு வேறு தட்டு வரும், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. ஒரு மேஜைக்கு ஒரே தட்டு இரண்டு முறை வராது. மோத்ரிலிலும் அப்படித்தான்.

மூணாவது என்றானே.

“நமக்கு நெத்திலி வரலையே,” என்றாள் ஒப்துலியா.

“கூட்டத்துல மாத்திட்டான். சாப்பிடு, ஆறிடும்.”

ஒப்துலியா கை துடைக்கக் காகிதம் எடுத்தாள். காகிதத் தாங்கிக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ரொட்டியில் செய்த ஒரு குட்டிப் படகு. கட்டை விரலால் லேசாக அழுத்தினாள்.

மெத்தென்று அமுங்கியது.

பின்னால் கிழவர் மறுபடி கதவைத் தட்டினார். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. கதவுக்கு அடியில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

ஒப்துலியா படகை நியெவெஸின் தட்டருகே வைத்தாள். நியெவெஸ் அதைப் பார்க்கவில்லை. அவள் கண் அந்தக் கதவின் மேலேயே இருந்தது.

“பௌலினோவ வெளிய வரச் சொல்லுடி.”