ஒரே ஒரு கடி

“கடிச்சிடுச்சா? சொன்னேனா இல்லையா! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா!”

பல் டாக்டரம்மாவுக்குக் கோபத்தைவிட ஜெயித்துவிட்ட குஷிதான் அதிகம். கையில் இருந்த காபியைக்கூட அப்படியே வைத்துவிட்டாள்.

எதிரே மகள் நின்றாள். ஆறு வயசு. வீட்டில் வாண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஆள்காட்டி விரலில் கோணல்மாணலாக ஒரு பிளாஸ்திரி. தானே ஒட்டிக்கொண்டது.

“ஆமாம்மா. நறுக்குனு கடிச்சிடுச்சு.”

போன வாரம்தான் ஆடிக்கொண்டிருந்த மேல் முன்பல்லை அம்மாவே பிடுங்கிவிட்டிருந்தாள். அந்த ஓட்டை வழியாகப் பாதிப் பேச்சு காற்றாகத்தான் வந்தது.

குற்றவாளி கூண்டுக்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் பஞ்சு. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளெலி.

“எங்க, விரலைக் காட்டு பார்க்கலாம்,” என்றார் அப்பா.

வாண்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “பிளாஸ்திரியைப் பிரிச்சா வலிக்கும்!”

“குழந்தையை ஏங்க படுத்தறீங்க? வாங்கின அன்னிக்கே நான் கண்டிஷன் போட்டேன். ஒரே ஒரு கடி கடிக்கட்டும், அன்னிக்கே கடைக்குத் திரும்பிடணும்னு. ஆறு வயசுப் பிள்ளைக்கு எலி எதுக்கு? உயிருக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் தெரியாத வயசு! இங்க பாருங்க, என் கைக்கண்ணாடியைக் காணோம்னு நான் வீடு பூரா தேடறேன், இவ அதைக் கூண்டுக்குள்ள சாத்தி வெச்சிருக்கா!”

“நானும்தானே கண்டிஷன் போட்டேன். போரடிக்குது, வேணாம்னு திருப்பிக் குடுக்கற பேச்சே கிடையாதுன்னு...”

“போரடிக்கலைங்க. கடிச்சிடுச்சு!”

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், மகளோடு சேர்ந்து மாசக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய எலி.

“கிளம்புடி வாண்டு. போற வழியில எலியைக் குடுத்துட்டு நேரா டாக்டர்கிட்ட போறோம். ஊசி போட்டாகணும்.”

ஊசி! அந்த வார்த்தையைக் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிற பெண் அவள். இன்றைக்கு என்னடாவென்றால் ஓடிப்போய் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“சரிம்மா, போட்டுக்கறேன். முதல்ல கடைக்குப் போலாம், வா வா!”

வழியெல்லாம் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அதனோடு குசுகுசுவென்று ஒரே பேச்சு. கடித்த எலியோடு என்ன கொஞ்சல் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. காரை ஓட்டுவதா, கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்வதா?

கடைக்காரர் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க உங்க எலி. என் பொண்ணைக் கடிச்சிடுச்சு!”

“இதுவா? இது சாதுவாச்சேம்மா.”

“ஓஹோ! அப்போ உங்க எலி உத்தமம், என் பொண்ணு பொய் சொல்றாளா?”

கடையே திரும்பிப் பார்த்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த கிளிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

வாண்டு இது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்றில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். உள்ளே வெள்ளெலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் குவியலாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

“சரிம்மா, குடுங்க,” என்றார் கடைக்காரர். “ஆனா கடிக்கிற எலியை மத்ததுங்களோட விடமாட்டேன். எல்லாத்தையும் குதறிடும். பின்னாடி ஒரு தனி டப்பா இருக்கு, அதுல போட்டுடறேன்.”

“எங்க வேணாலும் போடுங்க. எனக்கென்ன?”

“ஐயோ, வேணாம்!”

வாண்டு ஓடிவந்து கடைக்காரரின் கையைப் பிடித்துத் தொங்கினாள். “தனியா போடாதீங்க மாமா! பஞ்சு கடிக்கல! சத்தியமா அது கடிக்கவே இல்ல!”

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளின் விரலைப் பிடித்து பிளாஸ்திரியைப் படக்கென்று உரித்தாள்.

விரலில் சிவப்பாகப் பல் பதிந்த வரிசை. நடுவில் மட்டும் ஒரு பல்லுக்கு இடம் காலி.

நாள் முழுக்கப் பல் அச்சு எடுக்கிறவள். இது யாருடைய அச்சு என்று அவளுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலி இடத்தை உண்டாக்கியதே அவள்தானே.

“உன் விரலை நீயே கடிச்சுக்கிட்டியா? ஏண்டி?”

“பஞ்சு தனியாவே இருக்கும்மா!” வாண்டுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “இங்க பாரு, எல்லாம் எப்படிக் கட்டிப் பிடிச்சுத் தூங்குது! நம்ம வீட்ல அது யார்கூடத் தூங்கும்? அதான் உன் கண்ணாடியை வெச்சேன். அதுல தெரியற எலியை ஒட்டிக்கிட்டுப் படுத்துச்சு. ஆனா கண்ணாடி சில்லுன்னு இருக்கும்ல?”

டாக்டரம்மா அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைக்காரர் யாரையும் கேட்காமல் பெட்டியின் மூடியைத் திறந்து பஞ்சுவை உள்ளே விட்டார். குவியல் லேசாக அசைந்தது. இரண்டு மூக்குகள் எட்டிப் பார்த்தன. பஞ்சு ஓடிப்போய் அவற்றுக்கு நடுவே புகுந்துகொண்டது.

“போயிடுச்சு! உள்ள போயிடுச்சும்மா! எதும்மா பஞ்சு? எனக்கே தெரியலையே!” கண்ணில் தண்ணீரோடு வாண்டு குதித்த குதியில் கிளிகள் மறுபடியும் கத்த ஆரம்பித்தன.

டாக்டரம்மா குனிந்து அந்த விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். “எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேடி. ஊசின்னா உனக்கு உயிரே போயிடுமே!”

“எப்படிச் சொல்றது? அப்பா திருப்பிக் குடுக்கவே கூடாதுன்னார். நீ கடிச்சா மட்டும்தான்னு சொன்னே. நான் என்னம்மா பண்ணுவேன்? தினமும் விரலை நீட்டி, ‘கடி பஞ்சு, கடி பஞ்சு’ன்னு கெஞ்சினேன்... அது நக்கிக் குடுத்துட்டுப் போயிடுதும்மா!”