ஆவாரைக்கு ஒரு சொம்பு

ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸில் லாரித் தண்ணீர் வந்துபோன காலை. தெரு நெடுக ஈரக் குடத் தடங்கள் வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்கின்றன. கண்ணம்மா கதவைத் திறந்து வருகிறாள், வேலியைப் பார்த்து அப்படியே நிற்கிறாள். பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்டும் பூவுக்கென்று காங்கேயத்திலிருந்து விதை கொண்டுவந்து அவள் வளர்க்கும் ஆவாரஞ்செடியின் தூரில், பக்கத்து வீட்டு ஞானம்மாள் கம்பிவேலிக்கு மேலாகக் கையை நீட்டிப் பித்தளைச் சொம்பைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். செடியின் உச்சியெல்லாம் மஞ்சள் கொத்துகள். அடியிலோ ஒரு வாரமாக இலை பழுத்து உதிர்கிறது. காய்ந்த மண்ணில் செழிக்கிற, ஈரம் நின்றால் வேர் அழுகுகிற செடி அது. பழுப்பதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

“கோச்சுக்காத கண்ணம்மா. நீ ஒரு சொட்டுகூட ஊத்த மாட்டேங்கிற, பாக்கவே பாவமா கீது. அதான் என் கொடத்துலேர்ந்து டெய்லி ஒரு சொம்பு.” வீட்டுக்கு இரண்டே குடம்தான். ஞானம்மாளின் ரோஜா வேலிக்கு அந்தப் புறம் வெறுங்குச்சியாக நிற்கிறது. வேண்டாமென்ற சொல் கண்ணம்மாவின் நாக்குவரை வந்து திரும்புகிறது. “ஊத்துங்கக்கா,” என்கிறாள். பழுத்த இலை பொறுக்குகிற சாக்கில் குனிந்து ஈரமண்ணில் விரலால் ஒரு கோடு இழுக்கிறாள். தண்ணீர் தயங்கி, திரும்பி, வேலிக்கடியில் நுழைந்து ரோஜாவின் தூரை எட்டுகிறது. “குடி ராசாத்தி, நல்லா குடி,” என்று ஆவாரையிடம் சொல்லிக்கொண்டே ஞானம்மாள் சொம்பைக் கவிழ்க்கிறாள்.