எச்சில் படாமல்

டாக்டர் நபுகீரா கைப்பையைத் தோளில் மாட்டியாயிற்று. மதியத்துக்கு மேல் அவருக்கு லீவு, நாளைக்கும் லீவு. ஏன் என்று உதவியாளான நான் கேட்கவில்லை. அவர் எங்கள் மசாக்கா பல் ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வீட்டுக் கதை பேசுகிற ஆளும் இல்லை.

அப்போது பார்த்து ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

பெயர் கயொண்டோ, கம்பாலாக்காரன். சோடா மூடியைப் பல்லால் திறந்திருக்கிறான், மகா புத்திசாலி! முன்பல்லில் பாதியைக் காணோம்.

“இப்போதைக்குச் சும்மா பூசி விடறேன் தம்பி. ஊருக்குப் போய் நல்லா அடைச்சுக்கோங்க.”

“ஐயோ டாக்டரம்மா! நாளைக்குப் பொண்ணு வீட்டுக்கு முறையாப் பரிசம் கொண்டு போறோம். பக்கத்துல புகாகட்டாவுல. நலுமான்சியோட சனம் மொத்தமும் என் வாயத்தான் பார்க்கும்!”

டாக்டர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகக்கவசத்தை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

என் மதியச் சோறு அங்கேயே போயிற்று.

பல்லில் நீலக் களிம்பு வைத்து, கழுவி, உலர்த்தினார். பல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. அந்த வெளுப்பின் மேல் ஒரு துளி எச்சில் பட்டாலும் அடைப்பு பிடிக்காது. இன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் கையோடு வரும்.

எச்சிலைத் தடுக்கிற ரப்பர் திரை தீர்ந்து வாரக்கணக்காகிறது. பஞ்சுதான்.

பசையைத் தொட்டு எடுப்பதற்குள் அவன் நாக்கு வந்து நக்கிவிட்டுப் போனது.

“மறுபடியும்” என்றார் டாக்டர்.

கழுவினோம், களிம்பு வைத்தோம், உலர்த்தினோம். பல் வெளுத்தது. ஜன்னலோரம் போன தையல்காரக் கிழவர் தலையை நீட்டி, “எல்லாரும் சுகமா?” என்றார். பெரியவர் சுகம் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? வாய் நிறையப் பஞ்சோடு, உதட்டை மூடி, “ம்ம்ம்ம்” என்று மரியாதையாக இழுத்தான் இந்த மகராசன்.

பல் முழுக்க எச்சில்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பஞ்சை இன்னும் உள்ளே திணித்திருப்பேன். டாக்டர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கதவைத் தாழிட்டார்.

“மறுபடியும்.”

மூன்றாம் முறை நான் அவன் உதட்டை இழுத்துப் பிடித்தேன். எச்சில் உறிஞ்சும் குழாய் கொரகொரத்தது. டாக்டர் மூச்சுக்கூட விட்ட மாதிரி தெரியவில்லை. பசை, விளக்கொளி, பிறகு வெள்ளைக் கலவை அரிசி அரிசியாக, ஒவ்வொன்றுக்கும் விளக்கொளி. ஒன்றரை மணி நேரம்.

கண்ணாடியில் பார்த்தவன் வாயெல்லாம் பல்லானான். நன்றி சொல்லக் கையை நீட்டினான். டாக்டர் கையுறையைக் கழற்றி, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

அவன் போனதும் நான் வெடித்தேன்.

“அடைப்பு விழுந்தா திரும்பி வரட்டுமே டாக்டரம்மா! ரோட்டுல போற யாருக்கோ இந்தப் பாடா?”

டாக்டர் முகக்கவசத்தை அவிழ்த்தார்.

“நலுமான்சி என் பொண்ணு” என்றார். “இவனை ஃபோட்டோவுலதான் பார்த்திருந்தேன். அவனுக்கு நான் யாருன்னே தெரியாது.”

எனக்குப் பசி பறந்துவிட்டது. மருமகனை மாமியார் தொடுவது எங்கள் சனத்தில் ஆகாது. தொட்டால் தொட்ட கைக்கு ஆயுசுக்கும் நடுக்கம் என்பார்கள். பல் டாக்டரின் கைக்கு!

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“நாளைக்கு அவன் என் மாப்பிள்ளை. அப்புறம் அந்தப் பல்லு விழுந்தாலும் நான் தொட முடியாது.”