முகம் தெரியாத நடுவர்

"ஜட்ஜு யாருன்னே தெர்லடா. பேஜாரா கீது" என்று முணுமுணுத்தான் சின்னராசு.

"தெரியாத ஆளா இருந்தாதான்டா நல்லது. இன்னாத்துக்கு பயம்?" என்றான் உலகநாதன். பேசப் போகிறவன் அவன். உதறல் எடுத்ததோ துணைக்கு வந்தவனுக்கு.

செங்கல்பட்டில் பள்ளிகளுக்கிடையே பேச்சுப் போட்டி. எஸ்.எஸ்.எல்.சி. பொதுப் பரீட்சை வேண்டுமா, வேண்டாமா? இறுதிச் சுற்றில் வேண்டும் என்று பேச செய்யூர் உலகநாதன். வேண்டாம் என்று பேச மதுராந்தகம் பட்டாபி. மகாபலிபுரத்திலிருந்து வரவேண்டிய நடுவரின் பஸ் வழியில் படுத்துவிட்டதாம். கேட்க வந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு வக்கீலைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேறு யாரையாவது பாருங்கள் என்று அவர் எவ்வளவோ மறுத்தார். யார் விட்டார்கள்?

உலகநாதனுக்கு இது வெறும் போட்டி இல்லை. "கோப்பையோட வந்தா காலேஜு. இல்லாங்காட்டி ஏரு" என்று அவன் அப்பா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பட்டாபி முதலில் பேசினான். வருஷம் பூராவும் பார்க்கிற வாத்தியாருக்குத் தெரியாததா, மூன்று மணி நேரம் எழுதிய தாளைப் பார்த்து எங்கோ இருக்கிறவருக்குத் தெரிந்துவிடும்? பரீட்சையன்று காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு ஒரு வருஷமே பாழ் என்றான். "நம்மை நன்னாத் தெரிஞ்சவாதான் நம்மை எடை போட முடியும்" என்று முடித்தபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

உலகநாதன் அசரவில்லை. பரீட்சைத் தாளில் நம்பர்தான் உண்டு; அந்த நம்பருக்கு ஊர் கிடையாது, சாதி கிடையாது, அப்பன் யார் என்ற கேள்வியும் கிடையாது என்று வெளுத்து வாங்கினான். கடைசியில் நடுவர் பக்கம் கையைக் காட்டினான்.

"இதோ, ஐயாவையே எடுத்துக்குங்க. எங்க ரெண்டு பேரையும் அவருக்குத் தெரியாது. அதனாலதான் அவர் தீர்ப்பை நம்பறோம். பேசறது அவர் பெத்த புள்ளையா இருந்தா நம்புவோமா? தராசு அந்தப் பக்கந்தான் சாயும்."

சபை சிரித்தது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டாபி தலையைக் குனிந்துகொண்டான். ஆள் காலி என்று உலகநாதனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

தீர்ப்பும் அப்படியே வந்தது. கோப்பையைக் கொடுத்த வக்கீல், காலேஜில் சேர்ந்து இன்னும் நன்றாகப் பேச வேண்டும் என்று அவன் முதுகில் தட்டினார்.

"பாத்தியாடா? வேண்டியவங்க வேண்டாதவங்க இல்லாத எடத்துலதான் நியாயம் கெடைக்கும்" என்று சின்னராசுவிடம் சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தான் உலகநாதன்.

அங்கே வக்கீலின் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு பட்டாபி சொல்லிக்கொண்டிருந்தான்: "அப்பா, நான் தோத்ததை அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ."