பார்த்து வரைந்தது

"என் பொண்ணு மேல கை வச்சது யாரு?"

பெயிண்ட் கடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில், முழங்காலுக்குக் கட்டுப் போடப் பழகிக்கொண்டிருந்த மாணவர்கள் கையில் பேண்டேஜோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

விளையாட்டு மைதானத்தில் அடிபடுகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் படிப்பு அது. கல்லூரியில் அவருடைய ஒரே மகள் அதைத்தான் படிக்கிறாள். இப்போது கட்டில் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவள் பையைத் தோளில் மாட்டும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. வலது மேல் கையில் ரத்தக்கட்டு. நீலமும் கருப்புமாக, ஓரத்தில் மஞ்சளோடு, யாரோ பிடித்து அழுத்திய தடம்.

"என்னம்மா இது?"

"காலேஜ்ல வந்து கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் போயேவிட்டாள்.

அவர் கிளம்பியபோது மனைவி குறுக்கே வந்தாள். வேகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை, அதையும் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வேணாங்க, விட்டுடுங்க" என்றாள்.

"நீ வாயை மூடு. பெத்தவளுக்குப் பதற வேணாமா?"

அந்தக் கோபம் வழி முழுக்க ஆறவே இல்லை. இப்போது பயிற்சி ஆசிரியை நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"சார், முதல்ல உட்காருங்க."

"உட்காரவா வந்தேன்? துரும்பு படாம வளர்த்த பொண்ணு மேடம். நான்கூட அவளை ஒரு அடி அடிச்சதில்ல. அவன் யாருன்னு காட்டுங்க, கையை ஒடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுவேலை."

இடது கையால் மேஜையில் ஓங்கித் தட்டினார். மோதிரம் இரும்பில் பட்டு ணங்கென்றது.

ஆசிரியைக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, அவர் மகளின் ரத்தக்கட்டை ஓரமாக லேசாகத் தேய்த்தார். நிறம் பஞ்சில் வந்துவிட்டது. அடியில் தோல் பளிச்சென்று இருந்தது.

கடைக்காரர் பஞ்சைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி பஞ்சைப் பார்த்தார்.

"பெயிண்டா?"

"இன்னிக்கு செய்முறைத் தேர்வு சார். ஓவியம் படிக்கிற பசங்க காயத்தை வரைஞ்சு குடுப்பாங்க. நம்ம பசங்க அதைப் பார்த்து என்ன நடந்துச்சு, என்ன செய்யணும்னு சொல்லணும். ரெண்டு பக்கமும் மார்க் உண்டு. இவளுக்கு நேத்து சாயங்காலமே போட்டாச்சு. கலையாம பத்திரமா கொண்டு வந்திருக்கா."

காலமெல்லாம் பெயிண்ட் விற்றவரைப் பெயிண்டே ஏமாற்றிவிட்டது என்று பின்னால் யாரோ முணுமுணுக்க, அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். போன உயிர் திரும்பி வந்ததில் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"இதைக் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா."

மகள் சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிவிட்டாள்.

"வந்தது வந்துட்டீங்க, இருந்து பாருங்க சார்" என்ற ஆசிரியை, ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டை மாணவனை அழைத்தார். அவன் குனிந்து அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விழுந்து பட்டதில்ல மேடம், பிடிச்சு உலுக்கினது. நாலு விரல் வெளிப்பக்கம், கட்டைவிரல் உள்பக்கம். எதிர்ல நின்னு இடது கையால பிடிச்சிருக்காங்க. ஓரமெல்லாம் மஞ்சள் ஓடியிருக்கு, அதனால பட்டு நாளாச்சு. ஒரு விரல் தடத்துல மட்டும் அழுத்தமா ஒரு கோடு. மோதிரம் போட்ட கை."

"முதல்ல என்ன செய்வே?"

"கூட வந்தவங்களை வெளிய அனுப்பிடுவேன். அப்புறம்தான் என்ன நடந்துச்சுன்னு கேப்பேன். அடிச்சவங்களே கூட வந்திருந்தா உண்மை வராது."

"முழு மார்க்" என்றார் ஆசிரியை.

கடைக்காரர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். "நல்லா சொன்னேப்பா. பொம்பளை மேல கை நீட்டறவன் எல்லாம் ஒரு ஆம்பளையா? அவனையெல்லாம் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணும்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், அதை வரைந்த பெண். அவளிடம் திரும்பினார்.

"எத்தனையோ கம்பெனி பெயிண்ட் விக்கறேன், இப்படி ஒரு மஞ்சள் நான் பார்த்ததில்ல. எப்படிம்மா கலந்தே? கற்பனையா?"

"கற்பனைல வரைஞ்சா எங்க சார் கிழிச்சுப் போட்டுடுவார் அங்கிள். எதையும் நேர்ல பார்த்துதான் வரையணும்."

"அப்ப இப்படி அடி வாங்கினவ ஒருத்தி நிஜமாவே இருக்காளா?"

அந்தப் பெண் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "மாடலை அவதான் கூட்டிட்டு வந்தா அங்கிள்" என்று அவர் மகளைக் காட்டினாள்.

"யாரும்மா அந்தப் பாவப்பட்டவ? சொல்லு, நம்மளால ஆனதைச் செய்வோம்."

மகள் எண்ணெய்ப் பஞ்சை எடுத்து மிச்சத்தையும் நிதானமாகத் துடைத்தாள். ஒரு தடமும் இல்லாத கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"என் கையில துடைச்சா போயிடுதுப்பா. அம்மா கையிலதான் போக மாட்டேங்குது."