ஜெபித்த எண்ணெயும் ஜெயில் ஸ்கேனரும்

"ஒரே ஒரு கார்டுல கையெழுத்துப் போடுங்கன்னா போட மாட்டேங்கறீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?"

சுந்தர்சிங் சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஜெயசெல்வி லேசுப்பட்ட ஆள் இல்லை. அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊர்த் தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி. சிறையில் இருப்பவர்களுக்கு ஆறுதல் கடிதம் எழுதும் ஊழியத்தை இந்த வருஷம்தான் ஆரம்பித்திருந்தாள். சபை ஆண்டுவிழாவுக்குள் ஒரு கைதியாவது பதில் போட்டுவிட வேண்டும். அதை மைக்கில் படித்துச் சாட்சி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தலைவி பதவி செயலாளர் ஃபெமினாவுக்குப் போய்விடும். அந்தக் கவலையில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

முதல் தடவை ரோஸ் கலர் கார்டு நாற்பது. மேலே ஜிகினா. நாற்பதும் பத்திரமாகத் திரும்பி வந்தன. காரணம்: ஜிகினா அனுமதி இல்லை.

"ஜெயிலுக்கு வர்ற லெட்டரையெல்லாம் ஒரு கம்பெனில ஸ்கேன் பண்ணி, கைதிக்கு டேப்லெட்லதான் காட்டுவாங்க. ஒரிஜினலைக் கிழிச்சுப் போட்டுருவாங்க," என்றார் சுந்தர்சிங், ஸ்கோரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெறும் வெள்ளைத்தாள், கறுப்பு இங்க். ஸ்டேப்பிள் போடாத. கைதி நம்பர் எழுத மறந்துடாத."

"ஆமா, ஜெயில் சூப்பரின்டென்டன்ட் சொல்லிட்டாரு!"

இரண்டாம் தடவை ஜிகினா இல்லை. ஆனால் ஓரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி ஸ்டிக்கர். நாற்பது ஆட்டுக்குட்டிகளும் வீடு திரும்பின. காரணம்: ஸ்டிக்கர் அனுமதி இல்லை.

மூன்றாம் தடவை வெள்ளைத்தாள், கறுப்பு இங்க். அதுவும் திரும்பியது. காரணம்: அடையாளம் தெரியாத எண்ணெய்ப் பொருள்.

வேறொன்றுமில்லை. ஃபெமினா பக்தி முற்றி, ஒவ்வொரு கடிதத்திலும் ஜெபித்த எண்ணெயைத் தொட்டு ஒரு சிலுவை போட்டிருந்தாள்.

ஜெயசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கேன் பண்ணும் கம்பெனிக்கே போன் போட்டுவிட்டாள்.

"அது பிரேயர் ஆயில் மேடம்!"

"அப்படின்னா?"

"ஆலிவ் ஆயில். எக்ஸ்ட்ரா வர்ஜின்."

அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த கேள்வி வந்தது: "மேடம், லெட்டரை வறுத்தா அனுப்பினீங்க?"

நாலாம் தடவை எண்ணெய்ப் பாட்டிலை ஜெயசெல்வி பிடுங்கித் தன் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். அப்பாடா, ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் பதிலும் வரவில்லை. ஆறு வாரம் ஓடிப்போய் ஆண்டுவிழாவும் வந்துவிட்டது.

வழக்கமாகச் சர்ச் தபாலை எடுப்பது சுந்தர்சிங்தான். அன்றைக்கு அவர் பிரியாணி ட்ரேக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் ஃபெமினா போனாள். போன வேகத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சிஸ்டர்! ஜெயில் முத்திரை போட்ட கவர்! உங்க பேருக்கு!"

பிரித்தும் கொடுத்துவிட்டாள். ஜெயசெல்வி மைக்கைப் பிடித்தாள். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"'அன்புள்ள அக்காவுக்கு'ன்னு ஆரம்பிக்கிறாங்க. தமிழ்லயே எழுதியிருக்காங்க!"

"ஸ்தோத்திரம்!" ஹாலே அதிர்ந்தது.

இரண்டாவது வரிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சிஸ்டருக்கு மனசு நெறஞ்சு பேச்சே வரல. நான் படிக்கிறேன்," என்று ஃபெமினா கடிதத்தை வாங்கி, கணீரென்று படித்தாள்.

"'வாராவாரம் நீ எழுதற லெட்டர் தவறாம டேப்லெட்ல வருது. ரெண்டு வருஷமா அதைப் படிச்சுத்தான் உயிரோட இருக்கேன். கோர்ட்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனியே, இனி என் பக்கமே பார்க்க மாட்டேன்னு நெனச்சேன். மன்னிச்சுட்டே. ஒண்ணு மட்டும் சொல்லணும். நீ எழுதற ஜோக்கெல்லாம் வரவர அத்தான் ஜோக் மாதிரியே மொக்கையா இருக்கு. இப்படிக்கு, கிரிஸ்.'"

ஃபெமினா நிமிர்ந்தாள். "ரெண்டு வருஷமாவா? நாம இந்த வருஷம்தானே ஆரம்பிச்சோம்? அப்புறம் சிஸ்டர், துபாய்ல இருக்கற உங்க தம்பி பேரும் கிரிஸ்தானே? என்ன பொருத்தம் பாருங்க!"

ஜெயசெல்வி ஹாலின் கடைசிக்குப் பார்வையை ஓட்டினாள். அங்கே சுந்தர்சிங் பிரியாணி ட்ரே மூடியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

அவள் மைக்கைத் திரும்ப வாங்கினாள்.

"சாட்சிதானே? சொல்றேன். அவன் துபாய்ல இல்ல, டெக்சஸ் ஜெயில்ல இருக்கான். என் கூடப் பிறந்த தம்பிதான். இந்த ரெண்டு வருஷத்துல நான் அவனுக்கு ஒரு வரிகூட எழுதினதில்ல."